எல்சி காப்பாற்றிய பூஞ்சை

எல்சி தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் உதவியாளர். பூதலூரிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். படிப்பு ப்ளஸ் டூவோடு நின்றுவிட்டது. ஆனால் ஆராய்ச்சி மாணவர்கள் தடுமாறும் வேலையைக்கூட அவள் கை பதறாமல் செய்யும்.

1999இல் தியாகராசன் என்ற மாணவன் வேதாரண்யம் பக்கத்துச் சதுப்பிலிருந்து தில்லை மர இலைகளைக் கொண்டுவந்தான். இலைக்கு நோய் தராமல் அதற்குள்ளேயே குடியிருக்கும் பூஞ்சைகளைத் தேடுவது அவன் ஆராய்ச்சி. அவற்றில் ஒன்று, பல மருந்துகளுக்கும் அடங்காத ஒரு சீழ்க்கிருமியைக் கொன்றது. கிருமி படர்ந்த தட்டில் அதன் சாறு விட்ட இடத்தைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் தெளிந்து கிடந்ததை முதலில் பார்த்தவள் எல்சிதான்.

இரண்டு வருடத்தில் அவனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. பூஞ்சையைக் கொண்டுபோக அனுமதி கிடைக்கவில்லை.

"நான் திரும்பி வர்ற வரைக்கும் இத மட்டும் உயிரோட வச்சிருங்கக்கா."

"போயிட்டு வாங்க தம்பி. நான் பாத்துக்கறேன்."

மாதம் ஒருமுறை, வேகவைத்த உருளைக்கிழங்குச் சாற்றில் அதை உறையவைக்கும் அகர் கலந்து, பழைய சோதனைக் குழாயிலிருந்து புதுக் குழாய்க்குப் பூஞ்சையை மாற்ற வேண்டும். கோடையில் குழாய்களை ஈரத்துணியால் சுற்றிவைத்தாள். அவனுடைய கடிதங்கள் குறைந்து, பிறகு நின்றுபோயின. அவள் நிறுத்தவில்லை.

2005 மே மாதம் அம்மா அருள்மேரி மருத்துவமனையில் கிடந்தபோது பூஞ்சையை மாற்றும் நாளும் வந்தது. ஒரு வாரம் தள்ளிப்போட்டாள்; அதற்கு மேல் முடியாது.

"ஒரு மணி நேரம்மா. போயிட்டு வந்துடறேன்."

"சுருக்க வா" என்றாள் அம்மா.

திரும்பி வந்தபோது அம்மா இல்லை.

மூன்று வருடம் கழித்து, மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆதரவோடு தியாகராசன் வந்தான். குழாய்களைப் பார்த்து எல்சியின் கையைப் பிடித்துக்கொண்டான். சோதனைத் தட்டை மூன்றாம் நாள் திறந்தபோது கிருமி தட்டு முழுக்கப் படர்ந்திருந்தது. மறுபடி செய்தார்கள். அப்போதும் அப்படித்தான்.

"செத்துப்போச்சா தம்பி?"

"உயிரோடதான் இருக்குக்கா. மருந்து சுரக்கறத விட்டுடுச்சு."

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டனா?"

"இல்லக்கா. இலைக்குள்ள இருக்கறப்ப இருந்த குணம், குழாயிலேயே வளர வளரப் போயிடும். போறதுக்கு முன்னாடி நான்தான் ஆழ்குளிர்ல வைக்க ஏற்பாடு பண்ணிருக்கணும்."

அவள் ஒரு குழாயை எடுத்து, மேலே எழுதியிருந்த தேதியைப் பார்த்தாள்.

"எந்த வருசம் விட்டுச்சுன்னு சொல்ல முடியுமா?"

"எப்படிக்கா சொல்றது? ரெண்டாவது வருசமே போயிருக்கலாம்."

எல்சி கழுவுதொட்டிப் பக்கம் திரும்பி நின்றாள். அவள் ஏன் அழுகிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

அந்த வாரமே இருவரும் வேதாரண்யம் போனார்கள். அவன் இலை பறித்த சதுப்பு இறால் பண்ணையாகியிருந்தது. கரையோரம் தப்பியிருந்த நாலைந்து தில்லை மரங்களில் எல்சி இலை பறித்தாள். அவற்றிலிருந்து முப்பதுக்கு மேல் பூஞ்சைகள் வளர்ந்தன. அது மட்டும் வரவில்லை. கம்பெனி வேறு செடியில் மருந்து தேடப் போனது. தியாகராசன் ஜெர்மனிக்குத் திரும்பினான்.

அடுத்த வருடம் எல்சி வேலையை விட்டாள். காரணம் கேட்ட துறைத்தலைவரிடம், ரயில் படி ஏற முட்டி வலிக்கிறது என்றாள்.