பிளாஸ்மாவுக்குப் பொட்டு வைத்த தனபால் சார்

தனபால் சார் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவர் மகள் காலையில் போனில் சொன்னாள். "கஷ்டமே படல மேடம்" என்றாள். அழுகைக்கு முன் எனக்கு ஆறுதல்தான் வந்தது. போன வாரம் அவர் மூச்சுக்குத் திணறியதைப் பார்த்துவிட்டு வந்தவள் நான்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தொண்டூர்ச் சமணக் குடும்பம், செஞ்சியில் எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆசிரியர். நான் நுண்ணுயிரியல். பிடிவாதத்தில் இருவருமே சளைத்தவர்கள் இல்லை.

ஒரு சமயம் எங்கள் ஊர்ப் பால் குளிரூட்டும் நிலையத்தில் பால் அடிக்கடி திரிந்தது. பழி மாடு வைத்திருந்த பெண்கள் மேல் விழுந்தது; பாத்திரம் கழுவுவதில்லையாம். காரணம் தேடிப் போன நான் அங்கே குழாய் இணைப்பின் ரப்பர் வளையங்களைச் சுரண்டிப் பார்த்தேன். பாக்டீரியாக்கள் வழவழவென்று படலம் கட்டி ஒட்டிக்கொண்டிருந்தன. வெந்நீருக்கும் சலவைச் சோடாவுக்கும் அசையவில்லை.

"நம்ம பிளாஸ்மாவ வெச்சுப் பாக்கலாம் மேடம்" என்றார் சார். பேனா போன்ற அவர் கருவியின் முனையில், மின்சாரம் பாய்ந்த வாயு ஊதா வெளிச்சமாக வரும்; அதுதான் பிளாஸ்மா. விரலை நீட்டினால் சுடாது, ரப்பரும் உருகாது, படலம் மட்டும் அழியும்.

விஜயதசமியன்றுதான் தொடங்க வேண்டும் என்று அடம்பிடித்தார். இதுவும் தேறாவிட்டால் அந்தப் பெண்களின் பாலை இனி எடுப்பதில்லை என்று நிலைய மேலாளர் சொல்லியிருந்தார். அன்று நிலையத்தில் எல்லோரும் பார்க்க, சார் பொத்தானை அழுத்தினார். கருவி உறுமியது, வெளிச்சம் வரவில்லை.

"இன்னா சார், கரண்ட் இல்லியா?" என்றாள் கேனோடு நின்ற குப்பு. "எங்க பால வேணாம்னுடுவாங்களா?"

சார் முனையைக் கழற்றிப் பார்த்தார். துளை நிறையக் காய்ந்த சந்தனம். முதல் நாள் ஆயுத பூஜைக்கு ஆய்வகம் முழுக்கப் பொட்டு வைத்தது அவர்தான்.

"நெத்தி எது, வாய் எதுன்னு பாக்காம வெச்சுட்டேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சிரித்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஊசியால் குத்தி, ஸ்பிரிட்டில் கழுவி மாட்டினார். ஊதா வெளிச்சம் வந்ததும் குப்பு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த வளையங்களைத் துடைத்தெடுத்து ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்த்தேன்; ஒரு பாக்டீரியாகூட வளரவில்லை. வெறும் தட்டைக் காட்டி அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் கண்டதில்லை. "எங்க வீட்டுல சொல்லிடாதீங்க மேடம், இத்தன உசுரக் கொன்னியான்னு கேப்பாங்க."

பால் திரிவது நின்றது. இனி வழக்கம்போல் எடுத்துக்கொள்கிறோம் என்றார் மேலாளர். நான் கிளம்பப் பையை எடுத்தேன். சார் நகரவில்லை; பெண்களைக் காட்டி மேலாளரிடம் சொன்னார்:

"இவங்க பாத்திரம் எப்பவும் சுத்தமாத்தான் இருந்துச்சு. அத இவங்ககிட்ட உங்க வாயால சொல்லுங்க."

மேலாளர் சொன்னார். குப்பு கேன் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

சோதனை தேறியதும் கிளம்பப் பார்த்தவள் நான். அந்த ஒரு வார்த்தைக்காக நின்றவர் அவர். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நிற்றலைத்தான்.