நோர்வேக்காரியின் நீதிமன்றம்

கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்தை விட்டுப்போன நான், நோர்வேயின் வடக்கே ஒரு மீன்பிடி ஊரில் வளர்ந்தேன். பள்ளிப்படிப்பு முடிந்ததும் அண்ணையோடு லண்டனுக்கு வந்து சட்டம் படித்தேன். என் ஆங்கிலத்தில் நோர்வே மொழியின் ஏற்ற இறக்கம் இன்றைக்கும் போகவில்லை.

பயிற்சிக்குச் சேர்ந்த இடத்தில் இருந்த மூத்த பாரிஸ்டருக்கு அது பெரிய வேடிக்கை. கட்சிக்காரர்களுக்கு முன்னால் நான் பேசியதைப் பாட்டுப்போல இழுத்துச் சொல்லிக் காட்டுவார். பயிற்சி முடிந்த அன்று, என்னை நிரந்தரமாக எடுக்கப்போவதில்லை என்றார். "நீ பேசி முடிக்கும்வரை எந்த நீதிபதி பொறுத்திருப்பார்? மொழிபெயர்ப்பு வேலை ஏதாவது பார்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

லண்டனின் தெற்கே சட்டன் என்ற இடத்தில் இருந்த அண்ணையின் கடைப் பின்னறையில், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன்.

"அழுது என்ன செய்யப்போறாய்?" என்றார் அண்ணை.

"அந்தாளை நான் சும்மா விடமாட்டன்."

"விடாதை. ஆனா முதல்ல சாப்பிடு."

அதன்பின் லூயிஷாமில் ஒரு சின்ன அலுவலகத்தில், வாடகை வீட்டிலிருந்து துரத்தப்படுகிறவர்களுக்காகப் பல வருடங்கள் வாதாடினேன். நீதிபதிப் பதவிக்கு விண்ணப்பித்தேன். முதல் தடவை கிடைக்கவில்லை. அடுத்த தடவை கிடைத்தது. என் விடாமுயற்சியைப் பலர் பாராட்டுகிறார்கள். அதற்குள் எவ்வளவு வன்மம் இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

ஒருநாள் காலை, என்னைக் கேலி செய்த அந்த மூத்த பாரிஸ்டரே என் நீதிமன்றத்தில் வந்து நின்றார். முடி முழுக்க நரைத்திருந்தது. பிளேஸ்டோவில் ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் வெளியேற்றக் கேட்கும் வீட்டுக்காரருக்காக வந்திருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. தெரிந்த பாரிஸ்டர் வந்தார் என்பதற்காக நீதிபதி விலகத் தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டின் எரிவாயு அடுப்பைச் சோதித்த சான்றிதழை வீட்டுக்காரர் அந்தத் தாய்க்குக் கொடுத்திருக்க வேண்டும்; கொடுக்காமல் வெளியேற்றச் சட்டத்தில் இடமில்லை. கொடுத்ததற்கு ஆதாரம் இல்லை. வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் நான் முடிக்கவில்லை.

"எப்போது கொடுத்தீர்கள்?"

"தெரியவில்லை, நீதிபதி அவர்களே."

"யார் கொடுத்தது?"

"அதுவும்... தெரியவில்லை."

"இன்று எதைத்தான் தெரிந்துகொண்டு வந்தீர்கள்?"

பின்னால் இருந்த வீட்டுக்காரர் அவரை முறைத்தார். பாரிஸ்டர் இன்னொரு நாள் தவணை கேட்டார். மறுத்தேன். அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக, அவர் கேலி செய்த அதே குரலில் தீர்ப்பை வாசித்தேன். பாதியில் அவர் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தார். யாரென்று தெரிந்துவிட்டது. வழக்கைத் தள்ளுபடி செய்தேன். அந்தத் தாய் அழுதாள். அவளுக்காக நான் சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், அந்த நிமிடம் இல்லை. என் கண் அவர் கழுத்துச் சிவப்பின் மேல்தான் இருந்தது.

மேல்முறையீடு செய்து அங்கேயும் தோற்றார்.

சில மாதங்களில் இன்னொரு வழக்கில் அவர் பெயர் வந்தது. எனக்கு வேலை அதிகம் என்று கண்ட சக நீதிபதி, "அதை நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம், நானே எடுக்கிறேன்" என்றேன்.

அன்று அவர் வரவில்லை. தனக்குப் பதிலாக வாதாட ஓர் இளம்பெண்ணை அனுப்பியிருந்தார். பயந்துபோய் நின்ற அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். அவருக்கு என் முன்னால் வரப் பயம். அந்தப் பயம் அவருக்குச் சாகும்வரை இருக்கட்டும்.