கரையாத பதினோரு மாத்திரைகள்

என் மச்சானுக்கு வேலையிடத்தில் 'மாடிவீட்டுக்காரர்' என்று பெயர். கட்டடம் எழும்பும் இடத்தில் டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் இருநூற்று நாற்பது படி ஏறி, இன்னொரு ஆள் நிற்கக்கூட இடமில்லாத கண்ணாடிக் கூண்டுக்குள் போய் அடைந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். நான் கீழே நின்று வாக்கிடாக்கியில் 'தூக்குங்க, இறக்குங்க, நிறுத்துங்க' என்று சொல்கிறவன். அக்காவைக் கட்டியவரை நாள் முழுக்க அதிகாரம் பண்ணும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அவருக்கு முட்டி தேய்ந்து நாலு வருஷமாகிறது. எஞ்சினியருக்குத் தெரிந்தால் கூண்டுச் சாவியைப் பிடுங்கிக்கொள்வார் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. எனக்கு மட்டும் தெரியும். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்த புண்ணியவானே நான்தான். டாக்டர் சீட்டே இல்லாமல், அட்டை அட்டையாக. நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

போன வருஷம் ஆள் இளைக்க ஆரம்பித்தார். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு கல்லாக உப்பிவிடும், அப்புறம் வாந்தி. கூண்டில் வாஷ்பேசினா இருக்கிறது? பாலித்தீன் பையில் எடுத்து, முடிச்சுப் போட்டு, சாயங்காலம் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவார்.

"மாப்ள, நேத்து மத்தியானம் தின்ன கேரட்டு இன்னிக்கு வருதுடா. அப்படியே வருது" என்றார் ஒருநாள்.

"அக்கா சமையலுக்கு உங்களை விட்டுப் போக மனசில்ல" என்று சிரித்தேன். மடையன் நான்.

கடைசியில் அக்காதான் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதல்நாள் காலையிலிருந்து பட்டினி போட்டுத்தான் கூட்டிப்போனோம். வாய் வழியாகக் கேமரா குழாயை விட்ட டாக்டரம்மா பாதியிலேயே வெளியே வந்து எங்களைப் பிடித்துக்கொண்டார். "சாப்பிடாம வரணும்னு சொன்னேனா இல்லையா? வயிறு முழுக்கச் சாப்பாடு கிடக்கு!"

அக்கா என்னை முறைத்தாள். நான்தான் திருட்டுத்தனமாக ஊட்டிவிட்டேனாம். சத்தியம் பண்ணியும் நம்பவில்லை. மூக்கில் குழாய் போட்டு உள்ளே கிடந்ததையெல்லாம் உறிஞ்சிவிட்டு, மறுநாள் திரும்பப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகிற வாய், புண்ணாகிப் புண்ணாகித் தழும்பேறிச் சுருங்கியிருந்தது. பேனா ரீஃபில் நுழைந்தால் அதிகம். அதற்கு இந்தப் பக்கத்தில், கலர்கூட மங்காமல் பதினோரு மாத்திரைகள் கிடந்தன.

"இந்த மாத்திரை இரைப்பையில கரையாது. குடலுக்குப் போனாத்தான் கரையும், அப்படிப் பூச்சு போட்டது. வழிதான் அடைச்சுக்கிச்சே, எப்படிப் போகும்? புண்ணுக்கும் இதுதான் காரணம். யாரு வாங்கிக் கொடுத்தது?"

நான் கையைத் தூக்கினேன். அக்கா திட்டவில்லை, அழவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

வயிற்றைக் கிழிக்கவில்லை. சதை கிள்ளிச் சோதித்ததில் புற்று இல்லை என்று தெரிந்தது. அதே குழாய் வழியாக ஒரு சின்ன பலூனைச் சுருக்கத்துக்குள் நுழைத்து, தண்ணீர் ஏற்றி விரித்தார்கள். ஒரேயடியாக விரித்தால் கிழிந்துவிடும் என்று வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை. "இனிமே வலி மாத்திரை ஒண்ணுகூடத் தொடக் கூடாது. மறுபடி சுருங்கினா ஆபரேஷன் வரைக்கும் போயிடும்" என்றார் டாக்டரம்மா. மச்சான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

ஆட்டிவிட்டு, மூன்றாவது தடவை முடிந்த பத்தாம் நாள் வேலைக்கு வந்து நின்றார். "வீட்ல உக்காந்தா நான் யாருடா?" என்றார். ஏறினார். சாயங்காலம் எல்லாரும் கிளம்பும் நேரத்தில் வாக்கிடாக்கி கரகரத்தது.

"மாப்ள, கால் மடங்க மாட்டேங்குது. இறங்க முடியல. பழைய அட்டை உன் பையில இருக்கும், எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு மேல வா."

இருந்தது. நாலு மாத்திரை மிச்சம். தூக்கிப்போடாமல் வைத்திருந்தேன். கொடுத்தால் திறந்த வழி திரும்ப அடைக்கும். எஞ்சினியரைக் கூப்பிட்டால் வேலை போகும். சும்மா இருந்தால் மனுஷன் கூண்டிலேயே கிடப்பார். திடீரென்று அந்தப் படம் ஞாபகம் வந்தது.

"மச்சான், பதினோரு மாத்திரையும் கரையாமத்தானே கிடந்துச்சு? அப்ப அந்த நாளெல்லாம் மாத்திரை இல்லாமத்தானே இறங்குனீங்க? அதே மாதிரி இறங்குங்க."

"அதே மாதிரியா?" என்று கேட்டார்.

இறங்க ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு படிக்கும் நின்றார். கீழே வந்தபோது சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

"அப்பவும் இப்படித்தான் வலிச்சுதுடா, தினமும். மாத்திரைக்கு வலி கேக்கலன்னு சொன்னா நீ உங்க அக்காகிட்ட சொல்லிடுவியோன்னு, வலி விட்டுடுச்சுன்னு சொன்னேன்."

அவர் சாவியைக் கழற்றிக்கொண்டு எஞ்சினியர் அறைப் பக்கம் நொண்டி நொண்டிப் போனார். நான் கூடப் போனதற்கு, "நீ வராத, நானே குடுத்துக்கறேன்" என்றார்.

வீட்டில் அக்கா வைத்ததை முழுசாகச் சாப்பிட்டார். எதுவும் திரும்பி வரவில்லை. காலித் தட்டின் முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அக்கா அடுப்படியிலிருந்து, அத்தனை நாளுக்கு அப்புறம், என் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் கொஞ்சம் வைக்கவான்னு நீ கேளுடா. என்னால கேக்க முடியல."