பூப்பாத்தியில் ஒரு துத்தி

இதைச் சொன்னால் நீங்கள் சிரிக்கலாம். நானும் யாராவது ஆவி, பேய் என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள்தான். எனக்குப் பயம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வெட்கம்தான் இருக்கிறது, அதனால்தான் இத்தனை நாள் வெளியே சொல்லவில்லை.

சுதந்திரம் வந்து பத்து வருடம் இருக்கும். அல்சூர் ஏரிக்குக் கிட்டே ஒரு ரிட்டையர்டு என்ஜினீயர் பங்களாவில் தோட்ட வேலை செய்தேன். மேஸ்திரி சின்னப்பண்ணன். அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது, அதை மறைத்துத்தான் வேலை பார்த்தார். எனக்கோ அவர் இடத்தின்மேல் கண். வேலி ஓரப் பூப்பாத்தியில் அவர் நட்டிருந்த ஹாலிஹாக் என்கிற சீமைப் பூச்செடி நாற்றில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, அதே குழியில் தானாக முளைக்கிற துத்திக் களை ஒன்றை வைத்தேன். சின்னதில் இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். தோட்டப் போட்டிக்கு ஆட்கள் பார்க்க வருகிற வாரம் அது மஞ்சளாகப் பூத்தது. நானே வீட்டு அம்மாவை அழைத்துப்போய்க் காட்டினேன்.

"களை எது, பூச்செடி எதுன்னு தெரியாதவங்க கையில குடுத்தா இப்படித்தாம்மா."

அண்ணன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மாதமே அவரை நிறுத்திவிட்டார்கள். நான் மேஸ்திரி ஆனேன்.

மறு வருடம் அதே இடத்தில் ஒரு நாற்று தானாக முளைத்தது. உதிர்ந்த விதை முளைத்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. நாம் இங்கே எதுவும் நடவில்லையே, இது என்ன செடி என்று அம்மா கேட்டார். இலையைத் தடவியதுமே தெரிந்துவிட்டது. ஹாலிஹாக் இலை சொரசொரப்பாக இருக்கும், இது பட்டுப்போல இருந்தது. ஆனால் துத்தி என்றால் பழைய கதை கிளம்புமே என்று ஹாலிஹாக் என்று சொல்லிவைத்தேன். அப்படியானால் பிடுங்காதே என்றார்.

பிடுங்க முடியாது, காய்ந்தாவது போகட்டும் என்று தண்ணீர் விடாமல் இருந்தேன். தை மாதம், மழை நின்று எத்தனையோ நாள் ஆகியிருந்தது. நம்பினால் நம்புங்கள், தினமும் விடியற்காலை நான் பூட்டைத் திறந்து உள்ளே போகும்போது அந்தச் செடியின் அடிமண் மட்டும் ஈரமாக இருக்கும். பனி என்பீர்கள். பனி ஒரே செடிக்கா பெய்யும்? இலையில் ஒரு சொட்டு இருக்காது, தண்டைச் சுற்றி வளையமாக ஈரம், பூவாளியில் ஊற்றினால் அப்படி வராது. கையால் அள்ளி ஊற்றினால்தான் வரும், அப்படி ஊற்றுகிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

ஒரு ஞாயிறு மத்தியானம், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று சின்னப்பண்ணன் வீட்டுக்குப் போனேன். மகள் கதவைத் திறந்தாள். அப்பாவுக்குக் கண் சுத்தமாகப் போய்விட்டது, ஆறு மாதமாக வாசல்படி தாண்டவில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "காலைல எழுப்பப் போனா கை ரெண்டும் ஈரமா இருக்குதுண்ணா, ஏன்னே தெரியல" என்றாள்.

நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் உள்ளேயிருந்து அவர் கேட்டார்.

"வா ராஜு. செடி எப்படி இருக்குது?"

உள்ளே போய் அவர் எதிரில் உட்கார்ந்து, "நல்லா இருக்குதுண்ணே. ஹாலிஹாக்" என்றேன். அவரிடமும் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

நடுவில் ஒரு இலை இருப்பதுபோல இரண்டு விரலை மெல்லத் தேய்த்தார்.

"பட்டாட்டம் இருக்குதேப்பா. துத்திதான். போன தடவையும் துத்திதான், அப்பவே கைக்குத் தெரிஞ்சிடுச்சி. நீ ஏதோ ஆசையா வெச்சதாச்சேன்னு ஊத்துனேன்." தேய்த்த விரல்களை மடக்கிக்கொண்டார். "இனிமே நீ ஊத்திக்க. எனக்குக் கை வலிக்குது."

சொல்ல வந்ததை நான் சொல்லவில்லை. வரேண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் காலை செடியைச் சுற்றி மண் வெடித்துக் காய்ந்து கிடந்தது. வாளியில் கையை முக்கி, இலையில் படாமல், அவர் ஊற்றுவதுபோலவே ஊற்றினேன். ஒரு நாள்கூட விடவில்லை. ஐந்தாம் நாள் செடி பட்டுப்போய்விட்டது. துத்தி எங்கும் பிழைத்துக்கொள்ளும், கல்லிடுக்கில் தண்ணீரே இல்லாமல் நிற்கும். நான் ஊற்றித்தான் அது செத்தது.