சோத்தாங்கை

உரைத்த சுக்கின் கார வாசனை என்றால் எனக்கு இன்றைக்கும் அம்மாவின் நெற்றிதான். லேக் கார்டன்ஸில் எங்கள் தெருமுனையில் வங்காளிகளின் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கிய அந்தப் புரட்டாசியில் அவளுக்குத் தலைவலி வந்தது, வந்தது போகவேயில்லை. அப்பா அதை 'ஒத்தைத் தலைவலி' என்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் சுக்கை உரைத்துப் பற்றுப் போடுவேன்.

எங்கள் வீட்டில் வலது கைக்குச் 'சோத்தாங்கை', இடது கைக்குப் 'பீச்சாங்கை' என்று பெயர். பீச்சாங்கையால் ஒரு பென்சிலைக் கொடுத்தால்கூட அம்மா வாங்கமாட்டாள். கையை மாற்றும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். அப்படிப்பட்டவள், அந்த நவராத்திரியில் கொலு பார்க்க வந்த எதிர்வீட்டு வங்காளி அம்மாள் மாஷிமாவிடம் வெற்றிலை பாக்கை இடது கையால் நீட்டினாள்.

"என்ன மன்னி, பீச்சாங்கையாலயா தாம்பூலம் கொடுப்பா? நன்னாருக்கு!" என்று அப்பாவின் தங்கை எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். மாஷிமா சிரித்தபடி வாங்கிக்கொண்டார். அம்மா மட்டும் முகம் சுண்டிப்போய், வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். கை சொன்னபடி கேட்கவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்களில் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மரியாதை தப்பியது மட்டும்தான் எங்கள் கண்ணில் பட்டது.

விஜயதசமியன்று, வெளியே 'டாக்' மேளம் அதிர்ந்துகொண்டிருக்கையில், சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தாள். மூளையின் ரத்தக்குழாய்கள் அழற்சியால் வீங்கி அடைபடுகின்றன என்றார்கள் ஆஸ்பத்திரியில். கை எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டபோது, அப்பாவுக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்ல முடியாமல் அழுதார். ஸ்டீராய்டு மருந்தில் அவள் முகம் ஊதிப்போயிற்று. அழற்சி அடங்கியது, ஆனால் வலது பக்கமும் பேச்சும் திரும்பவில்லை. எங்களை அதட்டிய தமிழும் போயிற்று, மீன்காரனை எங்கள் வாசலிலிருந்து விரட்டிய வங்காளமும் போயிற்று. அந்த நோயை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இப்போது கொலு வைப்பதில்லை. அத்தை காலமாகிவிட்டாள்; மாஷிமாவின் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. அம்மா கட்டிலில் இருக்கிறாள். நேற்று அவள் தட்டிலிருந்து ஒரு சந்தேஷ் இனிப்பை எடுத்து என்னிடம் தர நினைத்தாள். இடது கையில் நன்றாகத்தான் பிடித்திருந்தாள். நான் கையை நீட்டியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, உணர்வில்லாத வலது உள்ளங்கையில் அதை வைத்து, அந்தக் கையை இடது கையால் தூக்க முயன்றாள். பாதியிலேயே சந்தேஷ் தரையில் விழுந்து உடைந்தது.

"பீச்சாங்கையாலேயே குடும்மா, இனிமே யாரும் ஒண்ணும் சொல்லமாட்டா" என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.