ஓட்டல்காரர் அடித்த காசு

செஞ்சிக் கடைத்தெருவில் இன்று பூக்காரி எனக்குத் தர வேண்டிய சில்லறைக்குப் பதிலாக ஒரு பித்தளை வில்லையைத் தந்தாள். சில்லறைத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க ஓட்டல் நைனார் தம் பெயர் பொறித்து அடித்தது. கடைத்தெருவே அதைக் காசாகப் புழங்குகிறது.

அவளையும் அழைத்துக்கொண்டு நேரே ஓட்டலுக்குப் போனேன்.

“காசடிக்கிற உரிமை சர்க்காருக்குத்தான். உங்களை ஜெயில்ல போடுவாங்க” என்றேன்.

பூக்காரி மடியை அவிழ்த்தாள். முழுக்க வில்லைகள்.

“அப்போ எம் பொழப்பு இன்னாவுறது நைனாரே?”

நைனார் வாதாடவில்லை. “தெரியாம செஞ்சிட்டேம்மா” என்று கல்லாவைக் கவிழ்த்தார். இருந்த நயா பைசாவோடு ரூபாய் நோட்டும் சேர்த்து அவளுக்குக் கொடுத்தார். பிறகு கடை கடையாக ஏறி இறங்கி மற்ற வில்லைகளையும் மீட்டார்.

சட்டம் படித்தவர்களிடம்கூட இந்த நேர்மையை நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்து எனக்கொரு காப்பி கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். புகார் எதுவும் கொடுக்காமல் குடித்துவிட்டேன். அது லஞ்சமா, நீங்களே சொல்லுங்கள்.