பின்னேரக் கொம்பியூட்டரும் கடைசிப் படகும்

மகனை யாழ்ப்பாணத்தில் டொக்டரிடம் காட்டிவிட்டு, இன்று குறிகட்டுவான் இறங்குதுறையில், வீடு திரும்ப நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒரு வருடம் பின்னால் படித்த சுமதி வந்தாள்.

“அக்கா, எங்கட பேராசிரியர் சேர் உங்களைக் கேட்டவர். சிலிக்கனுக்குள்ள எலெக்ட்ரோன் எப்பிடி ஓடுதெண்டு கணக்குப் போட இன்னும் ஒராள் வேணுமாம். நீங்கள் பாதியில விட்ட வேலைதான்.”

மடியில் மகன் இருமினான்.

“அங்க இருக்கிற ஒரேயொரு கொம்பியூட்டரை எங்களுக்கு எப்ப தருவினம்?”

“மாணவருக்குப் பின்னேரம்தான். பகலில ஒஃபிஸ்காரர் சம்பளக் கணக்குப் பார்க்கினம்.”

பின்னேரம் வரை நின்றால் கடைசிப் படகு போய்விடும். “அப்ப ஏலாது,” என்றேன்.

பக்கத்தில் மீன்கூடையோடு இருந்தவர் குனிந்தார்.

“தங்கச்சி, எலெக்ட்ரோனிக் படிச்சனீரோ? எங்கட ரேடியோ கரகரக்குது.”

“நான் கணக்குத்தான் அண்ணை போட்டனான். திருத்தத் தெரியாது.”

“பிறகென்னத்துக்குப் படிச்சனீர்?”

அவர் பகிடியாகத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படகு வந்தபோது சுமதியிடம், “கொம்பியூட்டர் பகலில கிடைச்சா என்ர பேரைக் குடும்,” என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் கணவருக்கும் மாமிக்கும் இருமல் மருந்தைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறேன். விட்ட வேலைக்குத் திரும்பப் பேர் கொடுத்த மிச்சத்தை எப்படித் தொடங்குவதென்று, அனுபவமுள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள்.